எடுத்துக் கொடுத்தவள்

சாப்பாட்டு மேசையை எந்தப் பக்கம் தள்ளுவது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. முத்துக்குமார் ஒரு முனையைப் பிடிக்க, விக்ரம் மறுமுனையைப் பிடிக்க, மேசை ஜன்னலோரம் போய் நின்றது. நாற்காலிகள் பால்கனிக்குப் போயின. சோபா பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு வாங்கி நிமிர்ந்து பார்த்த பிறகுதான் சித்தப்பாவுக்கும் அண்ணன் மகனுக்கும் உறைத்தது. நாடகத்துக்கு ஒதுக்குகிற மாதிரியே கூடத்தை ஒதுக்கிவிட்டிருந்தார்கள்.

"கை அதுவா போகுது பாருங்க மதினி" என்று முத்துக்குமார் தலையில் அடித்துக்கொண்டார். "மறுபடி மாத்திருவோமா?"

"மாத்தி என்ன செய்ய? இருக்கட்டும் தம்பி" என்றாள் மஞ்சுளா. "உங்க அண்ணனுக்கு அந்த இடந்தான் தோது."

ஆக, பேராசிரியர் குருபிரசாத்தின் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து மேடையில்தான் கிடத்தினார்கள். கல்கத்தா பாலிகஞ்சின் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு அக்கம்பக்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்களும் வருஷா வருஷம் எங்கே உட்கார்ந்து நாடகம் பார்த்தார்களோ அங்கேயே போய் உட்கார்ந்தார்கள். ரஜனிகந்தா என்று அந்த ஊரில் சொல்கிற சம்பங்கியைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து காலடியில் வைத்தார்கள். எல்லோருக்கும் அண்ணி முறையான எதிர்வீட்டு ஷிகா பௌதி சந்தனம் குழைத்து அவர் நெற்றியில் புள்ளி புள்ளியாக வைத்தாள். திருநீறு ஏற்கெனவே பூசியாயிற்று. இரண்டு ஊர் வழக்கமும் ஒரு நெற்றியில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மஞ்சுளா பேசாமல் இருந்தாள்.

அழுகை வரவில்லை. வரும், வராமல் எங்கே போகும். ஆனால் நெஞ்சுக்குள் அதற்கு முன்னால் வேறொன்று குறுக்கே கிடந்தது. அதைத் தாண்டித்தான் அழுகை வரவேண்டும்.

குருபிரசாத்தின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து லேக் மார்க்கெட்டில் அப்பளமும் காப்பித்தூளும் விற்றவர். அந்தக் கடை இப்போது முத்துக்குமார் கையில் இருக்கிறது. அண்ணன் கடைப்பக்கம் போகாமல் இங்கிலீஷ் படித்து, இங்கிலீஷ் வாத்தியாராகி, அதே ஊர்க் கல்லூரியிலேயே தலை நரைத்தார். ஓய்வு பெற்ற பிறகு டிவிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். தெற்கத்திக்காரர் ஒருவர் இவ்வளவு அழகாக வங்காளம் பேசுகிறாரே என்று ஆரம்பித்து, மொழிப் பிரச்சினைக்கும் கூப்பிட்டார்கள், பரீட்சைப் பிரச்சினைக்கும் கூப்பிட்டார்கள், கடைசியில் வெங்காய விலைக்கும் கூப்பிட்டார்கள். அவரும் போனார். போய்விட்டு வந்து புலம்புவார்.

"கிளாஸ்ல பதில் தெரியாதவன் தலையக் குனிஞ்சுக்குவான் மஞ்சு. டிவியில பதில் தெரியாதவன் சத்தத்தக் கூட்டுதான். ஒரு கேள்வியக் கேட்டுட்டு நாலு நிமிசம் வாயப் பொத்திக்கிட்டு நிக்கத் தெரிஞ்சவந்தான் வாத்தியார். அந்தச் சின்னப் பெட்டியில மூணு செகண்டு சும்மா இருந்தா விளம்பரத்தப் போட்டுருதான்."

"அப்ப எதுக்குப் போறீங்க?"

"யாராவது ஒருத்தன் சும்மா இருக்க வேண்டாமா, அதுக்குத்தான்" என்பார். அங்கே போய் அவர் சும்மா இருந்ததாக மஞ்சுளா ஒரு நாளும் பார்த்ததில்லை.

நாடகம் சரஸ்வதி பூஜையன்றுதான். அன்றைக்குக் கல்கத்தாவில் பிள்ளைகள் எல்லாம் புத்தகத்தைத் தேவியின் காலடியில் வைத்துவிடுவார்கள், தொட மாட்டார்கள். "இன்னைக்குப் படிக்கத்தானே கூடாது, நடிக்கலாம்லா" என்று குருபிரசாத் ஒரு வருஷம் ஆரம்பித்தது அப்படியே வழக்கமாகிவிட்டது. அவரே தமிழில் எழுதுவார், அவரே சொல்லிக் கொடுப்பார், படுக்கை விரிப்பைக் கயிற்றில் மாட்டித் திரையாக்குவார். முத்துக்குமாருக்கு எப்போதும் ராஜா வேஷம் அல்லது போலீஸ் வேஷம். விக்ரம் நடக்கப் பழகிய நாளிலிருந்து பிள்ளை வேஷம் அல்லது முயல் வேஷம். சோபாவில் உட்கார்ந்திருக்கிற வங்காளிகளுக்கு ஒரு எழுத்துத் தமிழ் தெரியாது. ஆனால் சரியான இடத்தில் சிரிப்பார்கள். அதெப்படி என்று கேட்டால் குருபிரசாத் மீசைக்குள் சிரித்துக்கொள்வார்.

மஞ்சுளா மேடையேறியதில்லை. நடைவழியில் இருக்கிற இரும்பு பீரோவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பாள். முதலில் தாளை வைத்துக்கொண்டு நின்றாள், பிறகு தாள் வேண்டியிருக்கவில்லை. அவள் இருக்கிற தைரியத்தில் அந்த வீட்டில் எவனும் மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டான். ஆள் திணறுகிறான் என்று தெரிந்த மறுகணம் அடுத்த வரி பீரோவுக்குப் பின்னாலிருந்து வந்துவிடும்.

"நீ ரொம்பச் சீக்கிரம் எடுத்துக் குடுத்துருத" என்று அவர் சண்டை பிடிப்பார். "அவன் மறந்துபோய் நிக்கானா, யோசிச்சு நிக்கானான்னு பாக்க மாட்டுக்க."

"சபையில ஒரு ஆளு முழிச்சுக்கிட்டு நின்னா எனக்கு வயித்தப் பெரட்டுது. நான் என்ன செய்யட்டும்?"

அவளால் முடியாதுதான். மீன்காரன் கணக்குப் போட்டு நிற்கையில் எடுத்துக் கொடுப்பாள். போனில் அவர் ஒரு பெயருக்குத் தடுமாறினால் அடுப்படியிலிருந்து கத்துவாள். அவர் டிவியில் வந்தால், இங்கே கூடத்தில் உட்கார்ந்து அவர் தேடுகிற வார்த்தையைப் பெட்டியைப் பார்த்துச் சொல்வாள். விக்ரம் விழுந்து விழுந்து சிரிப்பான்.

அந்த விக்ரம்தான் நாடகத்தை நிறுத்தியவன். வேலைக்குப் போன பிறகு ஒரு ஒத்திகையின்போது தாளைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னான். "காலேஜ்ல நடிச்சீங்க, இப்ப டிவிலயும் நடிக்கறீங்க. வீட்டுலயாச்சும் நடிக்காம இருங்களேன் அப்பா." குருபிரசாத் ஒரு நொடி பார்த்தார். பிறகு கைதட்டினார். "நல்ல டெலிவரி" என்றார். பாவி மனுஷன், வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். விக்ரம் நியூ டவுனில் பதினாலாவது மாடியில் வீடு பார்த்துக்கொண்டு போனான். பூஜைக்கு வருவான், சாப்பிடுவான், ஆப்பில் கார் கூப்பிட்டுக்கொண்டு கிளம்புவான். அதற்குப் பிறகு படுக்கை விரிப்பு படுக்கையில்தான் கிடந்தது.

நேற்றுச் சாயங்காலம் நடந்ததை மஞ்சுளா இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் எழுதிய நாடகங்களில் ஒன்று ஒரு சின்ன ஊர் ஸ்டேஷன் மாஸ்டரைப் பற்றியது. பெண்டாட்டி கோமதியிடம் அந்த மனுஷன் என்னமோ சொல்ல வேண்டும் என்று வாயைத் திறப்பான். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்பான். உடனே ரயில் வந்துவிடும். "ரயில் வந்துட்டு, அப்புறம் சொல்லுதேன்" என்று கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். நாடகம் முழுக்க இதேதான். கடைசிவரை அது என்னவென்று சொல்லவே மாட்டான். ஸ்டேஷன் மாஸ்டர் குருபிரசாத்தேதான். ஷிகா பௌதியின் வீட்டுக்காரர் ரயில் வருவதற்கு முன்னாலேயே சோபாவிலிருந்து ஊதல் கொடுப்பார். ஜனங்கள் அந்த நாடகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

நேற்று ஆஸ்பத்திரியில், பார்வையாளர் நேரம் முடிகிற சமயம். அவர் மூக்கில் வைத்திருந்த மாஸ்க்கைக் கையால் நகர்த்தினார். "மஞ்சு" என்றார். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..." என்றார். நின்றார். மூச்சு வாங்கியது.

அவள் நாக்கு அவளைக் கேட்கவில்லை. "ரயில் வந்துட்டு, அப்புறம் சொல்லுதேன்" என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். உதடு லேசாகக் கோணியது. பிறகு, சொல்லிக் கொடுத்ததைத் தட்டாத நல்ல நடிகர் மாதிரி, "ரயில் வந்துட்டு... அப்புறம் சொல்லுதேன்" என்றார். நர்ஸ் வந்து மாஸ்க்கைச் சரியாக வைத்தாள். நேரமாகிவிட்டது, கிளம்புங்கள் என்றாள். மஞ்சுளா சிரித்துக்கொண்டேதான் படியிறங்கினாள். மனுஷனுக்குக் குசும்பு திரும்பிவிட்டது, இனி பிழைத்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து தயிர் சாதம் சாப்பிட்டுத் தூங்கினாள்.

விடிந்ததும் போன் வந்தது. போனை வைத்த பிறகுதான், பல் விளக்கப் போய்க் குழாயடியில் நிற்கும்போதுதான், அது மண்டையில் இறங்கியது. நாடகத்தில் மஞ்சு கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டர் கோமதி என்றுதான் கூப்பிடுவான். ஒரு தடவைகூடக் குருபிரசாத் அதை மாற்றிச் சொன்னதில்லை. நேற்று அவர் கூப்பிட்டது மஞ்சுவை.

அவர் நடிக்கவில்லை. என்னமோ சொல்ல வந்தார். வந்த மனுஷனின் வாயில் அவள் வேறு வசனத்தைத் திணித்து அனுப்பிவிட்டாள்.

வீடு நிறைந்துகொண்டிருந்தது. கீழே கேமராக்காரனை நிற்க வைத்துவிட்டு ஒரு பெண் மேலே வந்தாள். தேபோலீனா, அவருடைய பழைய மாணவி, இப்போது ஒரு சேனலில் நிருபர். வந்ததும் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டு, மஞ்சுளாவைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு வங்காளத்தில் கேட்டாள்.

"மாசிமா, சார் கடைசியாக என்ன சொன்னார்?"

மஞ்சுளா வாயைத் திறப்பதற்குள் முத்துக்குமார் முன்னால் வந்தார். ஆயிரம் இருந்தாலும் ராஜா வேஷம் கட்டினவர். மார்பை நிமிர்த்திக்கொண்டு வங்காளத்தில் கணீரென்று சொன்னார்: "கடைசி மூச்சுவரை அண்ணன் தன் மாணவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இலக்கியத்தைக் கைவிடாதீர்கள் என்று அவர்களிடம் சொல்லச் சொன்னார்." அந்தப் பெண் அதை அப்படியே போனில் தட்டத் தொடங்கினாள்.

"தம்பி" என்றாள் மஞ்சுளா தமிழில். "நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்ல மதினி, அண்ணன் அப்படித்தானே சொல்லிருப்பாங்க..."

"சொல்லிருப்பாங்கன்னு நீங்க சொல்லாதீங்க. அதப் போட வேண்டாம்னு அந்தப் பிள்ளைகிட்ட சொல்லுங்க."

குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. சோபாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முத்துக்குமாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. மஞ்சுளாவுக்கு ஆத்திரம் அவர்மேல் இல்லை. அவர் செய்ததும் தான் செய்ததும் ஒன்றுதானே என்பதுதான் ஆத்திரம்.

குருபிரசாத் இருந்திருந்தால் இதற்குச் சிரித்திருப்பார். புத்தகத்தில் சாகிறவர்கள் மட்டும்தான் வாக்கியத்தை முடித்துவிட்டுச் சாவார்கள் என்று வகுப்பில் சொல்வாராம். பிள்ளைகள் வீட்டுக்கு வந்து அவர் குரலிலேயே திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். "எங்கப்பா கடைசியா என்ன கேட்டாரு தெரியுமா? குழாய மூடியாச்சான்னு கேட்டாரு. அதுக்கு எவன் உரை எழுதுவான்?" அந்த மாமனாருக்காவது கேட்க வந்ததைக் கேட்க முடிந்தது.

அடுப்படியில் தண்ணீர் எடுக்கப் போனபோது விக்ரம் பின்னாலேயே வந்தான். சட்டை கசங்கி, கண் வீங்கி இருந்தான். ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டான்.

"நேத்து நான் வந்தேம்மா. பைபாஸ்ல ஜாம். வந்து சேர்றதுக்குள்ள விசிட்டிங் அவர் முடிஞ்சிருச்சு. கண்ணாடி வழியா பார்த்தேன். தூங்கிட்டு இருந்தாரு."

"தெரியும்யா. நர்ஸ் சொன்னா."

"என்னைப் பத்தி... ஏதாவது கேட்டாரா?"

உலகத்திலேயே சுலபமான வசனம் அது. உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு, எம்பிள்ள வரலியா, எம்பிள்ள வரலியான்னு. எந்தத் தாயும் சொல்வாள். கேட்கிற பிள்ளையும் அதற்காகத்தான் கேட்கிறது. மஞ்சுளாவின் நாக்கு நுனியில் அது முழுதாக வந்து உட்கார்ந்திருந்தது. சொன்னால் அவன் அழுவான், அழுதால் பாரம் குறையும். ஆனால் நேற்று ஒரு வாயில் திணித்தது போதாதென்று இன்றைக்குப் பேச முடியாத அந்த வாயில் இன்னொன்றைத் திணிப்பதா?

"அப்புறம் சொல்லுதேன்யா" என்றாள். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவள் காதிலேயே விழுந்தது. தம்ளரை வைத்துவிட்டு அலமாரியைப் பிடித்துக்கொண்டாள்.

மதியத்துக்கு மேல் கிளம்பினார்கள். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வாத்தியார் இறந்தால் நேரே மயானத்துக்குக் கொண்டுபோக மாட்டார்கள். அவர் வேலை பார்த்த இடத்துக்குக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்து, கடைசியாக எல்லோரும் பார்த்த பிறகுதான் கியோராதலா மயானம். பெண்கள் வரலாமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கண்ணாடி போட்ட வண்டியில் ஒரு பக்கப் பலகையில் மஞ்சுளாவும் விக்ரமும் உட்கார்ந்தார்கள். முத்துக்குமார் முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

வண்டி கரியாஹாட் நெரிசலில் நின்றபோது மஞ்சுளா சொல்ல ஆரம்பித்தாள். மாஸ்க்கை நகர்த்தியது, மஞ்சு என்றது, ஒண்ணு சொல்லணும் என்றது, தான் எடுத்துக் கொடுத்தது, அவர் அதைத் திருப்பிச் சொன்னது. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொல்லி முடிக்கும்போது நெஞ்சுக்குக் குறுக்கே கிடந்தது நகர்ந்து, அழுகை வந்துவிட்டது. வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள்.

"கெடுத்துட்டேன்யா. என்ன சொல்ல வந்தாருன்னே தெரியாமப் பண்ணிட்டேன். உன்னைப் பத்தியா இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். எனக்குத் தெரியல."

விக்ரம் ஆறுதல் சொல்லவில்லை. அது பரவாயில்லை அம்மா என்றும் சொல்லவில்லை. "சிரிச்சாரா?" என்று மட்டும் கேட்டான்.

"உதடு கோணுச்சு. சிரிப்புன்னுதான் நெனச்சேன்."

அவன் தலையை ஆட்டினான். வண்டி நகர்ந்தது. அப்பாவின் முகம் ஆட்டத்தில் ஒரு பக்கமாகச் சாய, அவன் குனிந்து நேராக்கிவிட்டான். கையை எடுக்காமல் கன்னத்திலேயே வைத்துக்கொண்டு வந்தான்.

கல்லூரி வாசலில் இவ்வளவு கூட்டத்தை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. நரைத்த தலைகள், படிக்கிற பிள்ளைகள், எதிர்ச்சாரி ஜெராக்ஸ் கடைக்காரர்கூட வந்து நின்றார். வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்தார்கள். வரிசையாக வந்து பூ வைத்தார்கள். சில பெண்கள் மெல்லிய குரலில் ஒரு பாட்டுப் பாடினார்கள். முதல்வர் இரண்டு நிமிடம் பேசினார். பிறகு, பேராசிரியரின் மகன் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

விக்ரம் இறங்கி நின்றான். தேபோலீனா மைக்கை நீட்டினாள், கேமராக்காரன் கிட்டே வந்தான்.

"பாபா..." என்று வங்காளத்தில் தொடங்கினான். நின்றுவிட்டான்.

கூட்டம் காத்திருந்தது. விக்ரம் தரையைப் பார்த்தான், பூக்களைப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பி மஞ்சுளாவைப் பார்த்தான். ஏழு வயதில் முயல் வேஷத்தில் நின்று பீரோவைத் திரும்பிப் பார்ப்பானே, அதே பார்வை.

அவளிடம் எல்லாம் தயாராக இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் நன்றி, அப்பாவுக்கு இந்தக் கல்லூரிதான் வீடு, பிள்ளைகள்தான் உயிர். வங்காளத்தில் மூன்று வாக்கியம், உதட்டசைவிலேயே பிடித்துக்கொள்வான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. முதல்வர் செருமினார். முத்துக்குமார் மதினியைப் பார்த்தார், சொல்லுங்களேன் என்று கண்ணால் கெஞ்சினார்.

மஞ்சுளா உதட்டைக் கடித்துக்கொண்டாள். மகன் கண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, ஆனால் ஒரு எழுத்தும் கொடுக்கவில்லை. எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. தேபோலீனா கை வலித்து மைக்கை மறு கைக்கு மாற்றினாள். இவ்வளவு நீளமான மௌனத்தை மஞ்சுளா தன் வாழ்நாளில் யாருக்கும் விட்டுவைத்ததில்லை. தாங்க முடியவில்லை. தாங்கிக்கொண்டு நின்றாள்.

விக்ரம் மைக்கை விட்டு விலகி வண்டிப் பக்கம் திரும்பினான். கதவில் கையை ஊன்றிக்கொண்டு குனிந்தான். தமிழில் பேசினான்.

"எனக்கு நடிக்கப் பிடிக்கவே பிடிக்காதுப்பா. ஒரு தடவைகூடப் பிடிச்சதில்ல."

கொஞ்சம் நிறுத்தினான். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"ரிகர்சல்தான் பிடிக்கும். அப்ப மட்டும்தான் என்னையே பார்த்துட்டு இருப்பீங்க."

மஞ்சுளா அதை எந்த ஜென்மத்திலும் ஊகித்திருக்க மாட்டாள். அவளிடம் இருந்த எந்த வசனத்திலும் அது இல்லை.

கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் யாரும் அசையவில்லை. தேபோலீனா மஞ்சுளாவின் காதருகே வந்து மெதுவாக, "என்ன சொன்னார் மாசிமா?" என்று கேட்டாள்.

"அவன் அப்பாகிட்ட சொன்னதும்மா அது" என்றாள் மஞ்சுளா.

தேபோலீனா மைக்கை அணைத்தாள். நேரமாகிறதென்று கதவைச் சாத்த வந்த ஓட்டுநர், விக்ரமின் கை இன்னும் அதன் மேல் ஊன்றியிருப்பதைப் பார்த்தார். ஒரு பீடியை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, மதில் நிழலில் போய்க் குந்தினார்.